ஆண்ட்ராய்டு போனில் ஹெட்போன் சத்தம் போதவில்லையா? காரணத்தைப் பிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

வால்யூமை முழுவதும் ஏற்றியும் ஹெட்போனில் சத்தம் போதவில்லை என்றால், பலரும் நேராக பிளே ஸ்டோருக்குப் போய் ஒரு வால்யூம் பூஸ்டர் செயலியை நிறுவிவிடுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஜாக்கில் தூசி அடைத்திருந்தாலோ, ப்ளூடூத் இயர்பட்ஸுக்குள் வால்யூம் பாதியில் நின்றிருந்தாலோ, பூஸ்டர் குறையை மறைத்து ஒலியைச் சிதைக்குமே தவிர சரிசெய்யாது.

ஒரு பாட்டு காதுக்கு வந்து சேர்வதற்குள் இசைக்கும் செயலி, ஆண்ட்ராய்டின் வால்யூம் கட்டுப்பாடு, வயர் அல்லது ப்ளூடூத் இணைப்பு, ஹெட்போன் ஆகிய எல்லாவற்றையும் கடக்கிறது. எந்த இடத்திலும் சத்தம் குறையலாம். இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மொத்தமாகப் பார்க்கும்போது பெரிய குறையாகத் தெரிவதும் உண்டு. ஆகவே செட்டிங்ஸைக் கைபோன போக்கில் மாற்றாமல், குறை எங்கே என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

## பிரித்துப் பார்க்கும் சோதனை

நன்றாகப் பழகிய, சத்தமாகப் பதிவான ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனைக்கும் அதே பாட்டு, அதே இடம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

1. அதே போனில் வேறு ஹெட்போன். சத்தம் சரியாக வந்தால் பழைய ஹெட்போனிலோ அதன் வயரிலோ குறை.
2. அதே ஹெட்போனை வேறு போனில். அங்கேயும் குறைவாகக் கேட்டால் போனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.
3. அதே போன், அதே ஹெட்போன், வேறு செயலி. யூடியூபில் சரியாகவும் பாட்டுச் செயலியில் குறைவாகவும் இருந்தால், பார்க்க வேண்டியது அந்தச் செயலியின் அமைப்பை.
4. வயரிலும் ப்ளூடூத்திலும் தனித்தனியாக. ப்ளூடூத்தில் மட்டும் குறைவு என்றால் கீழே உள்ள ப்ளூடூத் பகுதிக்கே நேராகப் போய்விடலாம்.
5. ஒரு காதில் மட்டும் குறைவாக இருந்தால், இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுங்கள். குறைவு இயர்போனோடு சேர்ந்து இடம் மாறினால் குறை கருவியில். அதே காதிலேயே நின்றால் குறை காதில். காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கலாம். ஆனால் ஒரு காதில் கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால், நாள் கடத்தாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.

இந்த ஐந்துக்கும் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் போனை ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழித்த பிறகு, குறை இயர்போனின் வாயை மூடும் சிறு வலையில் இருந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள்.

## வால்யூம் ஸ்லைடர்: ஒன்றல்ல, பல

ஆண்ட்ராய்டில் மீடியா, அழைப்பு, ரிங்டோன், அறிவிப்பு, அலாரம் ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். வால்யூம் பட்டனை அழுத்தியதும் திரையில் வரும் பட்டையின் கீழே உள்ள மூன்று புள்ளியையோ சிறு குறியையோ தட்டினால் எல்லா ஸ்லைடர்களும் விரியும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைத் திறந்து, மீடியா ஸ்லைடர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பில் மட்டும் குரல் மெதுவாகக் கேட்கிறது என்றால், அழைப்பு ஓடும்போதுதான் அதன் வால்யூமை ஏற்ற வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஸ்பீக்கர், வயர் ஹெட்போன், ப்ளூடூத், யுஎஸ்பி என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மீடியா வால்யூமை ஆண்ட்ராய்டு தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது. ஸ்பீக்கரில் முழுதாக ஏற்றி வைத்துவிட்டு ஹெட்போனைச் செருகினால், ஹெட்போனுக்குக் கடைசியாக வைத்த அளவுதான் வரும். ஹெட்போன் இணைந்திருக்கும்போது ஏற்றினால்தான் கணக்கு.

சில நிறுவனங்களின் போன்களில் செயலி வாரியாகவும் வால்யூம் வைக்கலாம். சியோமி போன்களில் பல செயலிகளின் மீடியா ஒலியைத் தனித்தனியே மாற்றும் வசதி இருக்கிறது. சாம்சங்கில் சவுண்ட் அசிஸ்டன்ட் செயலி அதையே செய்கிறது. எப்போதோ விளையாட்டின் சத்தத்தைக் குறைக்கப்போய் பாட்டுச் செயலியைக் குறைத்து வைத்திருந்தால், பிரதான ஸ்லைடர் முழுதாக இருந்தும் சத்தம் வராது.

அப்படியே செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி பகுதிக்குள் ஒலி தொடர்பான பக்கத்தையும் பாருங்கள். இடது, வலது சமநிலை ஸ்லைடர் நடுவில் இருக்க வேண்டும். அது ஓரமாக நகர்ந்திருந்தால் ஒரு காது மங்கிவிடும். இயர்போனில் ஒரு பக்கம் செத்துப்போய், மாற்று வாங்கும் வரை சமாளிக்க வேண்டுமென்றால், அதே பக்கத்தில் உள்ள மோனோ ஆடியோவைப் போட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒரே காதில் கேட்கும்.

## காதைக் காக்கும் வரம்பு

வால்யூமை ஏற்றும்போது, அதிக சத்தத்தில் நீண்ட நேரம் கேட்டால் செவிக்குக் கேடு என்று ஓர் எச்சரிக்கை வரும். அதற்குச் சம்மதம் கொடுக்காவிட்டால் வால்யூம் அந்த இடத்தைத் தாண்டாது. ஆண்ட்ராய்டின் இயல்பான அமைப்பில் மீடியா வால்யூமுக்கு 15 படிகள். வரம்பு 10வது படி. போன் பையில் இருக்கும்போது, திரை அணைந்த நிலையில் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பத்தோடு நிற்பதற்குக் காரணம் இதுதான். சம்மதம் கேட்கும் பெட்டி கண்ணில் படவே இல்லை. திரையை ஏற்றி, பட்டனை அழுத்தி, சரி என்று தட்டுங்கள்.

கொடுத்த சம்மதமும் நிரந்தரமல்ல. வரம்புக்கு மேல் மொத்தம் 20 மணி நேரம் கேட்டு முடித்ததும் ஆண்ட்ராய்டு மறுபடியும் கேட்கும். நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று குறைந்துவிட்டது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. இந்த வரம்பு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருக்காது. நாட்டுக் குறியீட்டைப் பொறுத்து இதை இயக்கவோ விடவோ ஆண்ட்ராய்டில் ஏற்பாடு உண்டு. ஐரோப்பாவில் விற்கும் போன்களுக்கு விதி கடுமை: 85 டெசிபலைத் தாண்டும்போது எச்சரிக்க வேண்டும், உச்சம் 100 டெசிபல்.

ஆண்ட்ராய்டு 14 முதல், இதை ஏற்றுக்கொண்ட போன்களில், படிக்கணக்கு போய் அளவுக்கணக்கு வந்திருக்கிறது. எவ்வளவு சத்தத்தில் எத்தனை நேரம் கேட்டீர்கள் என்று போன் ஒரு வாரத்துக்குக் கூட்டிக்கொண்டே வரும். அடிப்படை, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83 டெசிபலில் 20 மணி, 86ல் 10, 89ல் 5. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் இதுவே. வால்யூமைக் கூட்ட வழி சொல்லும் ஒரு கட்டுரையில் இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கூட்டுவதே நல்லது.

சாம்சங் போன்களில் இதற்கு மேல் தனியாக ஒரு பூட்டும் உண்டு. செட்டிங்ஸ், சவுண்ட்ஸ் அண்ட் வைப்ரேஷன், வால்யூம் என்று போய், மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் மீடியா வால்யூம் லிமிட் இருக்கும். இதைப் பூட்ட ரகசிய எண்ணும் (PIN) போட முடியும். குழந்தைக்குக் கொடுத்த போன், வேறொருவர் பயன்படுத்திய போன் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

## ப்ளூடூத்: இரண்டு வால்யூம்களின் சண்டை

அதிகம் பேரைக் குழப்புவது இந்த இடம். ப்ளூடூத் ஹெட்போனுக்குள் ஒலியைப் பெருக்கும் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதற்கென்று ஒரு வால்யூம் உண்டு. போனிலும் ஒரு வால்யூம். ஒரே குழாயில் இரண்டு திருகுகள் இருப்பதுபோல, எதை மூடினாலும் தண்ணீர் குறையும். இந்த இரண்டையும் ஒன்றாக்கத்தான் அப்சொல்யூட் வால்யூம் என்ற ஏற்பாடு வந்தது. போனில் ஸ்லைடரை நகர்த்தினால் போன் தன் ஒலியைக் குறைக்காமல், ஹெட்போனுக்கு இந்த அளவில் வை என்று கட்டளை மட்டும் அனுப்பும்.

ஹெட்போன் இந்தக் கட்டளையைச் சரியாகப் புரிந்துகொண்டால் சிக்கலே இல்லை. சில ஹெட்போன்கள் முழு வால்யூம் என்று வரும் கட்டளையைத் தங்கள் உச்சத்துக்குக் கீழான ஓர் அளவாக எடுத்துக்கொள்கின்றன. சிலவற்றில் கட்டளை இடையில் தவறி, போனில் முழுதாகத் தெரிய, ஹெட்போன் பழைய அளவிலேயே நிற்கிறது. செய்ய வேண்டியவை, எளிதிலிருந்து கடினத்துக்கு:

1. ஹெட்போனில் உள்ள பட்டன் அல்லது தொடுபரப்பு வழியாகவே வால்யூமை உச்சத்துக்கு ஏற்றுங்கள். பல ஹெட்போன்கள் உச்சத்தைத் தொட்டதும் ஒரு பீப் ஒலி தரும். அது வரும் வரை ஏற்றுங்கள். இதிலேயே தீர்ந்துபோவது நிறைய.

2. ஹெட்போன் ஒரே நேரத்தில் லேப்டாப்பிலும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கருவியோடு இணையும் வசதி இருந்தால், லேப்டாப் தன் வால்யூமை ஹெட்போனுக்கு அனுப்பி, போன் வைத்ததைக் கெடுத்துவிடும். லேப்டாப்பில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

3. இணைப்பை முழுவதுமாக மறக்கச் செய்து மீண்டும் இணையுங்கள். ப்ளூடூத் பட்டியலில் ஹெட்போனின் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தட்டி, ஃபர்கெட் கொடுங்கள். இயர்பட்ஸ் என்றால் இரண்டையும் பெட்டிக்குள் வைத்து, அந்த மாடலுக்கான கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஒரு பட் மட்டும் மெதுவாகக் கேட்கும் குறைக்கும் இதுவே முதல் மருந்து.

4. இதற்கும் அசையவில்லை என்றால் அப்சொல்யூட் வால்யூமை அணைத்துப் பாருங்கள். செட்டிங்ஸில் அபவுட் போன் பக்கத்தில் பில்டு நம்பர் என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சியோமியில் பில்டு நம்பருக்குப் பதிலாக இயங்குதளத்தின் பதிப்பு எண்ணைத் தட்ட வேண்டும். திறந்த பட்டியலில் டிசேபிள் அப்சொல்யூட் வால்யூம் என்பதை இயக்குங்கள். ஹெட்போனைத் துண்டித்து மறுபடி இணைத்த பிறகே மாற்றம் தெரியும்.

இந்த நான்காவது படியில் ஒரு எச்சரிக்கை. அணைத்ததும் இரண்டு வால்யூமும் தனித்தனி ஆகிவிடும். முதல் முறை பாட்டைப் போடும்போது எதிர்பாராமல் மிகச் சத்தமாக வரலாம். ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, போனின் ஸ்லைடரை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். பிறகு போனை உச்சத்தில் வைத்துவிட்டு, அன்றாடம் ஏற்றி இறக்க ஹெட்போன் பட்டனையே பயன்படுத்துங்கள். ஹெட்போனில் வால்யூம் பட்டனே இல்லாவிட்டால், அது கீழான அளவில் மாட்டிக்கொண்டுவிடக்கூடும். அப்போது பழைய அமைப்புக்கே திரும்ப வேண்டியதுதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வேறு எதையும் தொட வேண்டாம். சாம்சங் போன்களில் இதே இணைப்பை மீடியா வால்யூம் சிங்க் என்ற பெயரில் ப்ளூடூத் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் பார்க்கலாம்.

இன்னொரு வகைக் குறைவும் உண்டு. விளையாட்டில் குரல் அரட்டையைத் திறந்ததுமோ, ஒரு செயலி மைக்கை எடுத்ததுமோ சத்தம் குறைந்து, ஒலி பழைய டெலிபோன்போல் ஆகிவிடும். ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்த வேண்டுமானால் சாதாரண ப்ளூடூத், பாட்டுக்கான வழியை விட்டுவிட்டு அழைப்புக்கான வழிக்கு மாறுகிறது. அந்த வழியில் ஒலி ஒற்றைத் தடம், தரமும் குறைவு, வால்யூமும் அழைப்பு ஸ்லைடரின் கையில். குரல் அரட்டையை மூடினால் பழையபடி ஆகும். மூடியும் ஆகாவிட்டால், பின்னணியில் எந்தச் செயலியோ மைக்கை விடாமல் பிடித்திருக்கிறது. திரையின் மேல் மூலையில் தெரியும் பச்சைக் குறி அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஹெட்போன் நிறுவனத்தின் செயலி இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வால்யூம் வரம்பு, குழந்தைகள் முறை, நிலுவையில் உள்ள ஃபர்ம்வேர் (ஹெட்போனின் உள் மென்பொருள்) அப்டேட் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். சத்தம் குறைவுக்கு கோடெக்கை (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எஸ்பிசி, ஏஏசி, எல்டேக் எதுவானாலும் மாறுவது பெரும்பாலும் தரமும் தாமதமும்தான், சத்தத்தின் அளவு அல்ல.

## செயலிக்குள் குறைக்கப்படும் ஒலி

ஒரு பாட்டு சத்தமாகவும் அடுத்தது மெதுவாகவும் வராமலிருக்க, ஸ்ட்ரீமிங் செயலிகள் எல்லாவற்றையும் ஒரே சராசரி அளவுக்குக் கொண்டுவருகின்றன. சத்தமாகப் பதிவான பாட்டுகள் இதனால் குறைந்துபோகும். ஸ்பாட்டிஃபையில் இதற்கு மூன்று நிலைகள்: லவுட், நார்மல், குவயட். இவற்றின் இலக்கு முறையே -11, -14, -19 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்). குவயட்டிலிருந்து லவுட்டுக்கு மாற்றினால் மட்டும் 8 டெசிபல் கிடைக்கும். 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதால் இது சின்ன வித்தியாசமல்ல. சோதனைக்காக இந்தச் சமப்படுத்தலையே அணைத்தும் பார்க்கலாம்.

யூடியூப் சத்தமான வீடியோவைக் குறைக்கும். மெதுவாகப் பதிவானதை அதே அளவுக்கு ஏற்றித் தராது. ஒரு வீடியோ மட்டும் மெதுவாக இருந்தால் அதைப் பதிவேற்றியவரின் ஒலிப்பதிவே குறைவு. உறுதிசெய்ய வேண்டுமானால் கணினி உலாவியில் அந்த வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்து, கன்டென்ட் லவுட்னஸ் என்ற எண்ணைப் பாருங்கள். அது -8 டெசிபல்போல எதிர்மறையாக இருந்தால் போன் மீது குற்றமில்லை.

போனில் சேமித்த பாட்டுகளுக்கு, பிளேயரில் ரீப்ளேகெயின் இயங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் சராசரிக்குக் குறைக்கும் வேலையைத்தான் செய்கிறது.

ஈக்வலைசர் விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. பேஸை, அதாவது தாழ்ந்த அதிர்வொலியை, ஏற்றினால் சத்தம் கூட வேண்டும் என்றே நினைப்போம். ஆனால் நல்ல ஈக்வலைசர், ஏற்றிய அலைவரிசை சிதைந்துபோகாமலிருக்க மொத்த ஒலியையும் அதே அளவுக்குக் கீழே இறக்கிவிடும். பேஸில் 8 டெசிபல் கூட்டினால் குரலும் மற்ற இசையும் 8 டெசிபல் குறைந்து கேட்கும். எனவே போனின் ஈக்வலைசர், டால்பி அட்மாஸ், நிறுவனத்தின் ஒலி மேம்பாடு எல்லாவற்றையும் முதலில் முழுவதுமாக அணைத்துக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இயக்கி ஒப்பிடுங்கள். சில போன்களில் டால்பி போட்டால் சத்தம் கூடும், சிலவற்றில் குறையும். காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

## வயர் ஹெட்போன்: ஜாக், பிளக், தூசி

3.5 மி.மீ. ஜாக்கில் பிளக் முழுதாக உட்காராவிட்டால் ஒலி மெலிந்துவிடும். தடித்த பேக் கவர் இருந்தால் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். பிளக் கடைசியில் ஒரு சொடுக்கோடு உட்கார வேண்டும். அப்படி உட்காராமல் கொழகொழவென்று இருந்தால் ஜாக்கின் அடியில் பஞ்சு அடைத்திருக்கிறது. சட்டைப்பையில் வைக்கும் போன்களில் இது சர்வ சாதாரணம். ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்தப் பஞ்சு இறுகி அடியில் தட்டையாகப் படிந்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை:

1. போனை முழுதாக அணைத்துவிடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள்.
2. மரப் பல்குச்சியின் முனையை இன்னும் சற்றுச் சீவி மெல்லியதாக்கி, அடியில் உள்ள பஞ்சை ஓரத்தில் தொட்டு மெதுவாகச் சுழற்றி வெளியே இழுங்கள். குத்தாதீர்கள். பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய உலோக ஸ்பிரிங்குகள் வளைந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டிவரும்.
3. போனைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும்.
4. ஹெட்போன் பிளக்கை 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடையுங்கள். பிளக்கில் கருமை படிந்திருந்தால் அதுவும் போகும்.
5. பிளக் காய்ந்ததும் செருகி, நான்கைந்து முறை சுற்றி எடுங்கள். தொடுமுனைகளில் படிந்த மங்கல் தேய்ந்து விலகும்.

ஊசி, பின், பஞ்சு சுற்றிய குச்சி மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் உள்ளே கீறும். மூன்றாவது இருக்கிற பஞ்சோடு இன்னும் கொஞ்சம் பஞ்சைச் சேர்க்கும்.

குரல் பின்னால் போய், எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் கேட்கிறதா? இது வால்யூம் குறைவல்ல. ஜாக்கில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரைமுனை (கிரவுண்ட்) தொடவில்லை என்று அர்த்தம். அப்போது இடது, வலது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இணைந்து, இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி அழிந்துவிடும். பாடகரின் குரல் வழக்கமாக நடுவில், அதாவது இரண்டிலும் சமமாக இருப்பதால் அதுதான் முதலில் காணாமல் போகிறது. மைக் உள்ள ஹெட்போன்களில் நான்கு உலோகப் பட்டைகள் உண்டு. இன்று வழக்கில் உள்ள சிடிஐஏ முறையில் நுனியிலிருந்து இடது, வலது, தரை, மைக் என்று வரிசை. பழைய ஓஎம்டிபி முறையில் தரையும் மைக்கும் இடம் மாறியிருக்கும். பழைய ஹெட்போனைப் புதிய போனில் போட்டால் இந்தக் குறை வரும். உறுதிசெய்ய எளிய வழி: மைக் அருகே உள்ள பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியிருக்கும் வரை குரல் முழுதாகத் திரும்பினால் இதுதான் காரணம். இரண்டு முறைகளையும் மாற்றித் தரும் சிறு அடாப்டர் போதும்.

வயரிலேயே சக்கரம்போல வால்யூம் கட்டுப்பாடு உள்ள ஹெட்போன்கள் உண்டு; அது பாதியில் நிற்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் வசதியுள்ள ஹெட்போனை வயரில் கேட்கும்போது அதன் பவர் அணைந்திருந்தால் பல மாடல்களில் சத்தம் நன்றாகக் குறையும். வயரைக் கழற்றி மாட்டும் இயர்போன்களில் இரண்டு ஊசி இணைப்பை ஒரு பக்கம் மட்டும் திருப்பி மாட்டிவிட்டால் பேஸ் காணாமல் போகும்.

மல்டிமீட்டர் இருந்தால் வயர் முறிவைச் சில நொடிகளில் பிடிக்கலாம். 200 ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும் மற்றதைத் தரைப் பட்டையிலும் வையுங்கள். பிறகு இரண்டாவது பட்டைக்கும் தரைக்கும் இடையே. 32 ஓம் இயர்போன் என்றால் இரண்டு பக்கமும் அந்த எண்ணுக்கு அருகே, கிட்டத்தட்டச் சமமாகக் காட்ட வேண்டும். தொட்டதும் இயர்போனில் மெல்லிய டிக் ஒலி கேட்கும். ஒரு பக்கம் எண்ணே காட்டவில்லை என்றாலோ, வயரை அசைக்கும்போது எண் துள்ளினாலோ முறிவு உறுதி. அது பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய முதல் சில சென்டிமீட்டரிலேயே இருக்கும்.

## யுஎஸ்பி-சி அடாப்டர்கள்

ஜாக் இல்லாத போன்களில் பெரும்பாலும் அடாப்டரே ஆம்ப்ளிஃபையர். அதாவது போனை மாற்றாமலே அடாப்டரை மாற்றினால் சத்தம் மாறும். வெறும் வயராக மட்டும் இருக்கும் அனலாக் அடாப்டர், அதை ஆதரிக்கும் போனில் மட்டுமே வேலை செய்யும். உள்ளே டிஏசி சில்லு (டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான மின்சைகையாக மாற்றுவது) உள்ள அடாப்டர்தான் பெரும்பாலான போன்களுக்குப் பொருந்தும்.

நன்கு அறியப்பட்ட ஒரு சிக்கல், ஆப்பிளின் யுஎஸ்பி-சி அடாப்டரைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் போடும்போது சத்தம் மிகக் குறைவாக வருவது. அடாப்டரில் பழுதில்லை. அதற்குள் தனி வால்யூம் இருக்கிறது. செருகியதும் அது உச்சத்துக்குக் கீழே தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு அதைத் தொடாமல் தன் பக்கத்து வால்யூமை மட்டும் மாற்றுகிறது. யுஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ போன்ற, அடாப்டரின் உள் வால்யூமை நேரடியாகக் கையாளும் செயலியில் இது தீரும். மற்ற எல்லாச் செயலிக்கும் சேர்த்துத் தீர வேண்டுமானால் வேறு அடாப்டர் வாங்குவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

அடாப்டரைச் செருகியும் ஒலி ஸ்பீக்கரிலேயே வந்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டிசேபிள் யுஎஸ்பி ஆடியோ ரவுட்டிங் இயங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருக்க வேண்டும்.

## ஹெட்போனின் குறை, ஹெட்போனின் இயல்பு

இயர்பட்ஸின் வலையில் காதழுக்கு படிவது மிகச் சாதாரணமான காரணம். மெல்லிய படலம்கூட உயர் அலைவரிசைகளை விழுங்கிவிடும். ரப்பர் முனையைக் கழற்றி, வலை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் துலக்குங்கள். கீழ்நோக்கிப் பிடிப்பது முக்கியம். இல்லாவிட்டால் அழுக்கு உள்ளேயே போகும். பிசுபிசுப்பான ஒட்டுக்களிமண்ணை வலைமேல் அழுத்தி எடுத்தாலும் வரும். ஊசியால் குத்தினால் வலையோடு, உள்ளே ஒலி எழுப்பும் டிரைவரும் போய்விடும்.

ரப்பர் முனையின் அளவு பொருந்தாவிட்டால் காதை அடைக்காமல் பேஸ் வெளியே கசியும், சத்தமே இல்லாததுபோலத் தோன்றும். ஒரு அளவு பெரியதை மாட்டிப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு தேவைப்பட வேண்டும் என்று கட்டாயமில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் போதாத ஹெட்போன்களும் உண்டு. ஸ்டூடியோவுக்கான 250, 300 ஓம் மின்தடை கொண்ட ஹெட்போன்கள் அப்படி. போன் தரும் மின்னழுத்தம் சுமார் அரை வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும்: 32 ஓமில் 7.8 மில்லிவாட், 300 ஓமில் 0.83 மில்லிவாட். இரண்டு ஹெட்போனும் ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தருவதாக இருந்தால், முதலாவது 109 டெசிபல் வரை எட்டும், இரண்டாவது 99ல் நின்றுவிடும். காதுக்கு ஏறக்குறையப் பாதிச் சத்தம். தட்டையான மென்படலம் அதிரும் பிளேனார் வகை ஹெட்போன்களில் தடை குறைவாக இருந்தும் உணர்திறன் குறைவு என்பதால் இதே கதை. எந்த செட்டிங்ஸும் இதை மாற்றாது. 2 வோல்ட் அளவுக்குத் தரக்கூடிய யுஎஸ்பி டிஏசி ஒன்றுதான் வழி. அரை வோல்ட்டிலிருந்து 2 வோல்ட் என்பது 12 டெசிபல் கூடுதல்.

## பூஸ்டர், கடைசியாக

இப்போது பூஸ்டருக்கு வரலாம். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. இன்றைய திரைப்பாட்டுகள் ஏற்கெனவே அந்தக் கூரையைத் தொடும்படிதான் பதிவாகின்றன. அதற்கு மேல் 6 டெசிபல் தள்ளினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். மெதுவாகப் பதிவான உரை, வகுப்புப் பதிவு, பழைய வீடியோ போன்றவற்றில் இடம் மிச்சம் இருக்கும். அங்கே பூஸ்டர் உண்மையில் உதவும். வீடியோவுக்கு விஎல்சியின் ஆடியோ பூஸ்ட் 200 சதவீதம் வரை தரும். மற்றவற்றுக்கு வேவ்லெட், பவராம்ப் ஈக்வலைசர் போன்றவற்றில் மொத்த ஒலியை 2 டெசிபல் வீதம் ஏற்றி, கரகரப்பு தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். பேச்சு மட்டும் தெளிவாக வேண்டுமென்றால் மொத்தத்தையும் ஏற்றாமல் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் கூட்டுங்கள். காது அங்கேதான் கூர்மை. பாட்டு கேட்க வந்த செயலி தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள்.

பழைய பூஸ்டர் ஒன்றே சிக்கலாக இருப்பதும் உண்டு. பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்கள் சேஃப் மோடில் தொடங்கும். நீங்கள் நிறுவிய செயலிகள் அப்போது ஓடாது. போனோடு வந்த பிளேயரிலோ உலாவியிலோ பாட்டைப் போட்டுப் பாருங்கள். சத்தம் சரியானால், அண்மையில் நிறுவிய ஒலிச் செயலிகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். சேஃப் மோடிலும் ப்ளூடூத்தில் மட்டும் குறைவு தொடர்ந்தால் வைஃபை, மொபைல், ப்ளூடூத் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்யலாம். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அழியும், படங்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும்.

சுத்தம் செய்த பிறகும் எந்த வயர் ஹெட்போனைச் செருகினாலும் ஒரு பக்கம் மங்கலாக இருந்து, ப்ளூடூத்தில் எல்லாம் சரியாக இருந்தால், பழுது ஜாக்கில்தான். பல போன்களில் ஜாக், சார்ஜிங் போர்ட்டோடு சேர்ந்து கீழே உள்ள சிறு பலகையில் இருக்கும். அந்தப் பலகையை மட்டும் மாற்றினால் போதும். பழுது பார்ப்பவரிடம் பிளக்கை எந்தப் பக்கம் அழுத்தினால் ஒலி திரும்புகிறது என்று காட்டிவிட்டு, மதர்போர்டில் கை வைக்கும் முன் அந்தச் சிறு பலகையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.